பயிர் பச்சையாக நிற்கிறது, அரிசி எப்படி? காட்மியம் வயலில் ஹார்மோன் தெளிப்பு

கேள்வி: சுசீந்திரத்துக்குக் கீழே, பழையாற்று வாய்க்கால் பாசனத்தில் எனக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் வயல். கன்னிப்பூ (முதல் பருவம்), கும்பப்பூ (இரண்டாம் பருவம்) இரண்டும் நெல்தான். மேட்டு மூலையில் பத்து செண்டில் தண்டுக்கீரை, வரப்பில் கொஞ்சம் ஏத்தன் வாழை. வாய்க்காலில் டவுண் சாக்கடை கலப்பதால் இந்த முறை மண்ணை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன். பி.எச். 5.4, மொத்தக் காட்மியம் கிலோவுக்கு 1.8 மி.கி., ஈயம் 62 மி.கி. என்று வந்தது. உரக்கடையில், "பிராசினோலைடு அடித்தால் பயிர் உலோகத்தைத் தாங்கிவிடும். கூடவே ஜிப்ரலிக்கும் சைட்டோகைனினும் கலந்த டானிக்கும் அடியுங்கள்" என்கிறார்கள். பயிர் இப்போது பார்க்க நன்றாகத்தான் நிற்கிறது. வரும் கும்பப்பூவுக்கு எந்த ஹார்மோன், எவ்வளவு, எப்போது அடிக்க வேண்டும்? கீரையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? இதெல்லாம் மணவாளக்குறிச்சிக் கடற்கரைத் தாது மணலால் வந்ததா?

பதில்: கீரையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அது இன்றைக்கே முடிவு செய்ய வேண்டிய விஷயம். அந்தப் பத்து செண்ட் கீரையைக் கொடுக்காதீர்கள், விற்கவும் வேண்டாம். காட்மியத்தை இலையில் சேர்த்து வைப்பதில் தண்டுக்கீரை, பசலை வகைகள் முன்னணியில் இருப்பவை. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு இலைக்காய்கறிக்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.2 மி.கி. பி.எச். 5.4 என்ற உங்கள் மண்ணின் புளிப்பில் அதைத் தாண்டுவது பெரிய காரியமல்ல. ஈயம் 62 என்பதைப் பற்றி இப்போதைக்குப் பயப்பட வேண்டாம். ஈயம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். கீரையில் இருக்கும் ஈயத்தில் பெரும்பங்கு இலையில் ஒட்டிய புழுதி, தெறித்த சேறு. நன்றாகக் கழுவினால் அதில் ஒரு பகுதி போகும். காட்மியம் இலைக்குள்ளேயே இருப்பதால் கழுவியும் போகாது, வேகவைத்தும் போகாது.

"பயிர் பார்க்க நன்றாகத்தான் நிற்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கலே அந்த வரியில்தான் இருக்கிறது. காட்மியத்தால் நெல் வாடி, வேர் கட்டையாகி, இளம் இலை வெளுப்பதெல்லாம் இதைவிடப் பல மடங்கு அதிக அளவில் நடப்பது. 1.8 மி.கி. அளவில் பயிருக்குப் பெரும்பாலும் ஒரு குறையும் தெரியாது. தூர் கட்டும், கதிர் வாங்கும், விளைச்சலும் வரும். ஆனாலும் அரிசியில் வரம்புக்கு மேல் காட்மியம் இருக்கலாம். பயிருக்கு நோவில்லை, சாப்பிடுகிறவருக்குத்தான் நோவு. பயிரின் நோவைத் தணிக்கும் மருந்தை வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் ஹார்மோன் எங்கே உதவும், எங்கே ஏமாற்றும் என்பது விளங்கும்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. அரிசிக்குக் கோடெக்ஸ் வரம்பு கிலோவுக்கு 0.4 மி.கி. உணவு நச்சுகளை மதிப்பிடும் சர்வதேச நிபுணர் குழு 2010இல் சொன்ன தாங்கும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம் வருகிறது. நம் வீடுகளில் காலை இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை என்று 400 கிராம் அரிசி சாதாரணமாக உள்ளே போகிறது. அரிசியில் 0.4 மி.கி. இருந்தால் அதிலேயே 160 மைக்ரோகிராம், அதாவது தாங்கும் அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல். ஆகவே, சொந்த வயல் அரிசியையே வருஷம் முழுக்கச் சாப்பிடும் குடும்பம் 0.12 மி.கி.க்குக் கீழே வைக்கப் பார்க்க வேண்டும். சிறுநீரகத்தில் படிந்த காட்மியம் பத்து, இருபது வருஷம் ஆனாலும் இறங்காது. ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவுநீர் பாய்ந்த நெல்வயல்களால் வந்த 'இத்தாய்-இத்தாய்' எலும்பு நோய் இந்த உலோகத்தின் வேலைதான். அங்கே இருந்த அளவு வேறு, உங்களுடையது வேறு. வழி மட்டும் ஒன்று: வாய்க்கால், வயல், சோறு.

மண்ணுக்கு இந்தியாவில் எடுத்துக்காட்டும் வரம்பு 3 முதல் 6 மி.கி. வரை. அதைப் பார்த்து 1.8 குறைவுதானே என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்ப வேண்டாம். அந்த வரம்பு மண்ணின் புளிப்பைப் பார்ப்பதில்லை. பி.எச். 7.5 உள்ள மண்ணில் 3 மி.கி. காட்மியம் களியோடு ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். 5.4இல் 1 மி.கி. கூடக் கரைந்து வேரைத் தேடி வரும்.

இனி ஹார்மோன். காட்மியத்துக்கென்று நெல் வேரில் தனி வாசல் கிடையாது. மாங்கனீசை உள்ளே இழுக்கும் 'என்ராம்ப்5' என்ற புரதத்தின் வழியாகத்தான் பெரும்பகுதி நுழைகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் இதை உறுதி செய்தார்கள். இரும்பு, துத்தநாக வாசல்களிலும் கொஞ்சம் திருட்டுத்தனமாகப் புகும். உள்ளே வந்ததும் செடி அதைக் குளூட்டதயோனால் ஆன பைட்டோகெலேட்டின் என்னும் சின்னச் சங்கிலிகளில் கட்டி, வேர்ச்செல்லின் குமிழியில் பூட்டி வைக்கப் பார்க்கும். பூட்ட முடியாமல் மிஞ்சியது தண்டுக்கு ஏறி, பால் பிடிக்கும்போது மணிக்குப் போகும். ஹார்மோன்கள் இந்த வேலையில் மூன்று இடங்களில் கை வைக்கின்றன: வாசலின் திறப்பு, பூட்டும் வேகம், மிஞ்சிய உலோகம் கிளப்பும் ஆக்சிஜன் நச்சை அடக்கும் நொதிகள்.

பிராசினோலைடு முக்கியமாக மூன்றாவதிலும் ஓரளவு இரண்டாவதிலும் வேலை செய்கிறது. சாலிசிலிக் அமிலமும் ஏறக்குறைய அப்படியே, முளைக்கும் பருவத்தில் வேரைக் காப்பது அதன் பலம். அப்சிசிக் அமிலம் இலைத்துளையை மூடி நீரோட்டத்தைக் குறைப்பதால் தண்டுக்கு ஏறும் உலோகமும் குறையும்; ஆனால் விலையைப் பார்த்தால் நெல்லுக்குக் கட்டாது. எத்திலீன் கதையே வேறு. உலோகம் பட்டதும் வேரில் எத்திலீன் கூடி, வேர் வளர்ச்சி நின்றுவிடும். எத்திலீனுக்கு முன்னோடியான ஏ.சி.சி.யைத் தின்று அதைக் குறைக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. சூடோமோனாஸ் வகைகளில் பலவற்றுக்கு அந்தத் திறன் இருக்கிறது. இந்தப் பட்டியலில் காசுக்கு மிகவும் தகுதியானது அதுதான் என்பது என் கருத்து.

கடைக்காரர் சொன்ன கலவை டானிக்கை மட்டும் தொடாதீர்கள். சைட்டோகைனின் இலைத்துளையைத் திறந்து நீர் ஆவியாவதைக் கூட்டும், இலை முதிர்வதைத் தள்ளிப்போடும். மண்ணிலிருந்து உலோகத்தை உறிஞ்சி எடுப்பதற்காகவே செடி வளர்ப்பவர்கள் ஆக்சினையும் சைட்டோகைனினையும் தெளிக்கிறார்கள், உலோகம் அதிகமாக மேலே ஏறட்டும் என்று! தின்னும் பயிரில் அதையே செய்தால் நேர்மாறான பலன். ஜிப்ரலிக் நெல்லை உயரமாக்கும். கும்பப்பூவில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நடுவே நிற்கும் பயிரை உயரமாக்குவது சாய்த்துவிடக் கூப்பிடுவது போலத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஹார்மோன் காட்மியத்தைக் குறைத்தது என்று காட்டும் ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை ஊட்டக்கரைசலில் நாற்றை நிறுத்தி, சில நாள் அல்லது சில வாரம் பார்த்தவை. வயல் மண், மழை, நாலு மாதப் பயிர் என்று வரும்போது அந்தப் பலன் சுருங்கிவிடும். எனவே அடைக்க வேண்டிய வாசலை முதலில் மண்ணிலும் தண்ணீரிலும் அடையுங்கள். ஹார்மோன் அதற்குப் பின்னால் வரட்டும்.

மண்ணில் முதல் வேலை சுண்ணாம்பு. 5.4ஐ 6.5க்குக் கொண்டுவர வேண்டும், ஆனால் ஒரே பருவத்தில் அல்ல. விவசாயச் சுண்ணாம்புத் தூள் அல்லது டாலமைட் ஏக்கருக்கு 300 கிலோ வீதம் ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் போட்டு, மூன்று நான்கு பருவத்தில் ஏற்றுங்கள். நீற்றுச் சுண்ணாம்பு வாங்கினால் 100 கிலோ தூளுக்கு 74 கிலோ போதும். சுட்ட சுண்ணாம்பு 56 கிலோ, கையில் பட்டால் பொசுக்கும். கடைசி உழவுக்கு இரண்டு வாரம் முன்னால் தூவி மண்ணோடு கலந்துவிட வேண்டும். யூரியாவோ அம்மோனியம் சல்பேட்டோ அதோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும், சூப்பர் பாஸ்பேட்டின் மணிச்சத்தும் கட்டிப்போகும். பத்து நாளாவது இடைவெளி விடுங்கள். 6.8ஐத் தாண்டவும் விடாதீர்கள், துத்தநாகம் கிடைக்காமல் போகும்.

தண்ணீர் தேங்கிய சேற்று வயலில் மூன்று நான்கு வாரத்தில் பி.எச். தானாகவே நடுநிலைக்கு ஏறும். காற்றுப் புகாத மண்ணில் காட்மியமும் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத கூட்டாகிவிடும். வயல் காய்ந்ததும் இரண்டும் தலைகீழாகும், பூட்டிய காட்மியம் விடுபடும். இதனால் வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் கட்டும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறை உங்கள் வயலுக்குத் தூர்கட்டும் வரைக்கும்தான். கதிர் வெளிவருவதற்கு மூன்று வாரம் முன்னாலிருந்து, வந்த பிறகு மூன்று வாரம் வரை இரண்டு மூன்று செ.மீ. தண்ணீர் விடாமல் நிற்க வேண்டும். தண்ணீரைச் சேமிக்கச் சொல்லும் நல்ல ஆலோசனை இந்த ஒரு வயலில் எதிராக வேலை செய்யும்.

நடைமுறையில் இது அறுவடையில்தான் இடிக்கும். களிமண் வயலில் அறுவடை இயந்திரம் புதையும் என்று பதினைந்து நாள் முன்னாலேயே மடையைத் திறந்துவிடுவார்கள். அந்தப் பதினைந்து நாளில்தான் மணிக்குள் காட்மியம் ஓடுகிறது. டயர் வண்டிக்குப் பதில் பெல்ட் வண்டி பேசிக்கொண்டு, அறுவடைக்கு ஏழெட்டு நாள் முன்னால் வடித்தால் போதும். கும்பப்பூ முடிவில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணீர் பெரும்பாலும் பிப்ரவரியோடு நின்றுவிடும். ஆகவே பிந்தி நடுவது இரட்டை நஷ்டம். ஒரு எச்சரிக்கையும் உண்டு: தண்ணீர் தேக்கினால் காட்மியம் குறையும், ஆர்செனிக் கூடும். உங்கள் ஆய்வுச் சீட்டில் ஆர்செனிக் பார்க்கப்படவில்லை. அடுத்த முறை அதையும், பயிருக்குக் கிடைக்கக்கூடிய துத்தநாகத்தையும் காட்மியத்தையும் (அதற்கு டி.டி.பி.ஏ. முறை என்று பெயர்) சேர்த்துக் கேளுங்கள்.

துத்தநாகம் 1.2 பி.பி.எம்.முக்கு (கிலோ மண்ணுக்கு 1.2 மி.கி.) கீழே வந்தால் நடவின்போது ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து தூவுங்கள். வேரிலும் கணுவிலும் காட்மியத்தோடு போட்டி போடுவது துத்தநாகம்தான். உமிச் சாம்பல் ஏக்கருக்கு ஒரு டன் வரை போடலாம். வெள்ளைச் சாம்பலைவிட அரைகுறையாய் எரிந்த கறுப்புச் சாம்பலில் சிலிக்கா எளிதில் கரையும், அது காட்மியத்தை வேரோடு நிறுத்த உதவும். பொட்டாஷில் ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. மியூரியேட் பொட்டாஷிலுள்ள குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும். நெல்லுக்கு முழுக்க மாற்றச் செலவு தாங்காது. கடைசித் தவணையை மட்டுமாவது சல்பேட் ஆஃப் பொட்டாஷாகக் கொடுங்கள். மணக்குடிக் காயல் பக்கம் உப்பேறும் வயல்களுக்கும் இதே தொல்லை உண்டு.

வாய்க்கால் தூர்வாரிய சேற்றை இனி வயலில் போடவே வேண்டாம். சாக்கடை கலக்கும் வாய்க்காலில் உலோகமெல்லாம் அடிச்சேற்றில்தான் இருக்கும். குளத்து வண்டல் என்று நினைத்து ஏற்றினால் பத்து வருஷத்துச் சரக்கு ஒரே நாளில் வந்து சேரும். மடையில் நேராக விடாமல் நாலு செண்ட் குழி வெட்டி, தண்ணீரை அதில் தெளியவைத்து விடுங்கள். விலைக்கு வாங்கும் நகரக் கழிவு உரத்துக்கு உரக்கட்டுப்பாட்டு ஆணையில் காட்மியம் கிலோவுக்கு 5 மி.கி. வரை அனுமதி இருக்கிறது, அதாவது உங்கள் மண்ணைவிட அதிகம். இந்த வயலுக்கு அது வேண்டாம், மாட்டுச் சாணம் போதும்.

இவ்வளவும் ஆன பிறகு ஹார்மோன். விதையிலிருந்து தொடங்கலாம். ஏக்கருக்கு 24 கிலோ விதை என்றால் 25 லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் சாலிசிலிக் அமிலம். தூளை ரசாயனக் கடையில் வாங்கி, நகைக்கடைத் தராசு மாதிரிச் சின்னத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டால் மிதந்துகொண்டே கிடக்கும். ஒரு லிட்டர் நல்ல வெந்நீரில் கரைத்து, பிறகு மீதித் தண்ணீரில் ஊற்ற வேண்டும். பிளாஸ்டிக் வாளியைப் பயன்படுத்துங்கள். இரும்பு பட்டால், அல்லது இரும்பு கலந்த போர் தண்ணீராக இருந்தால், கரைசல் ஊதாவாக மாறும். மாறினால் கொட்டிவிட்டுக் கிணற்றுத் தண்ணீரில் புதிதாகத் தயாரியுங்கள். எட்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஒருமுறை அலசி, அடுத்த ஊறலில் கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் பொடி கரைத்து இரவு முழுக்க விடுங்கள். இரண்டையும் ஒன்றாய்ப் போட்டால் அமிலம் பாக்டீரியாவைக் கெடுக்கும். அதிகம் போட்டால் அதிகப் பலன் என்று 10 கிராம் போடுகிறவர்கள் உண்டு, முளைப்பு அடிபடும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்துப் போடுவதும் சரியான வழியல்ல, பொருளும் வேறு, பூச்சும் கரையாது.

நாற்றுப் பறிப்பதற்குமுன் ஏக்கருக்கு ஒரு கிலோ சூடோமோனாஸை, பத்து சதுர மீட்டர் பாத்தியில் ஓரங்குலத் தண்ணீர் கட்டிக் கலந்து, நாற்று வேரை அரைமணி நேரம் அதில் வைத்து நடுங்கள்.

பிராசினோலைடு வாங்கும்போது லேபிளில் 'ஹோமோபிராசினோலைடு 0.04%' என்று இருக்கிறதா பாருங்கள். 0.04% என்றால் ஒரு மில்லியில் 0.4 மி.கி. இருக்கும். நமக்கு வேண்டியது லிட்டருக்கு 0.1 மி.கி., அதாவது லிட்டருக்கு கால் மில்லி, பத்து லிட்டர் டேங்குக்கு இரண்டரை மில்லி, ஏக்கருக்கு 200 லிட்டரில் 50 மில்லி. மூடியால் அளக்காதீர்கள், ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்து எடுங்கள். நட்டு இருபதாம் நாள் தூர்கட்டும்போது ஒருமுறை. தண்டைப் பிளந்து பார்த்தால் வெண்பஞ்சுபோல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கதிர்க்குருத்து தெரியும் நாளில் இரண்டாம் முறை. பூத்த பிறகு அடிக்கக் கூடாது. இலைகளில் இருப்பது மணிக்கு நகரும் நேரம் அது, அப்போது இலையைத் தூண்டுவதில் லாபமில்லை. காலை ஒன்பதுக்குள் அல்லது மாலை நாலுக்குமேல், நாலைந்து மணி நேரத்துக்கு மழை வராது என்று தெரிந்தால் அடியுங்கள். செப்புப் பூஞ்சாணக்கொல்லியோடு கலக்க வேண்டாம்.

அளவு கூடினால் நெல்லே காட்டிக் கொடுத்துவிடும். இலை அடியில் மடிந்து, குடைபோல் விரிந்து படுக்கும். 1979இல் கடுகின வகை ஒன்றின் மகரந்தம் இருநூறு கிலோவுக்குமேல் சேர்த்து, அதிலிருந்து சில மில்லிகிராம் மட்டுமே பிரித்தெடுத்த பொருள்தான் பிராசினோலைடு. நெல் இலை எவ்வளவு மடிகிறது என்பதையே இதை அளக்கும் சோதனையாக ஆய்வகங்கள் வைத்திருக்கின்றன. உங்கள் வயலில் அப்படி விரிந்து படுத்தால் மருந்து வேலை செய்கிறது என்று மகிழாதீர்கள், இரண்டாவது தெளிப்பை நிறுத்துங்கள்.

முழு வயலுக்கும் அடிக்காமல், நடுவில் ஐந்து செண்டுக்கு ஹார்மோன் இல்லாமல் விடுங்கள். தலைமடை, கடைமடை அல்லாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தலைமடையில் உலோகம் எப்போதும் கூடுதலாக இருக்கும், ஒப்பிட்டால் தப்பான முடிவு வரும். அறுவடையில் இரண்டு இடத்திலிருந்தும் அரைக் கிலோ நெல் தனித்தனியாய் எடுத்து, உமி நீக்கிய அரிசியில் காட்மியம் பார்க்கச் சொல்லுங்கள். தகரப் பாத்திரத்தில் வைக்காமல் புது பிளாஸ்டிக் பையில் கொடுங்கள். முறை ஐ.சி.பி.-எம்.எஸ். (மிகக் குறைந்த உலோகத்தையும் அளக்கும் கருவி), கிலோ உலர் எடைக்கு மி.கி. என்று எழுதிக் கொடுங்கள், 0.05க்குக் கீழேயும் அளக்கும் கருவியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லையென்றால் அடுத்த கன்னிப்பூவில் பிராசினோலைடுக்குச் செலவழிக்க வேண்டாம், அந்தக் காசுக்குச் சுண்ணாம்பு வாங்குங்கள். நிற்கும் கன்னிப்பூ நெல்லையும் இதே மாதிரி சோதித்த பிறகே வீட்டுக்கு எடுங்கள். வைக்கோலில் அரிசியைவிட அதிகம் இருக்கும். பால்மாட்டுக்கு அதை மட்டுமே போடாமல் வேறு வைக்கோலும் கலந்து போடுங்கள்.

மணவாளக்குறிச்சி மணலைக் கேட்டீர்கள். இல்லை. அங்கே இருப்பவை இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட் என்ற கனமான கனிமங்கள். கனமான கனிமம் வேறு, கன உலோக நச்சு வேறு. பெயர்தான் ஒன்றுபோல ஒலிக்கிறது. அவை தண்ணீரில் கரையாது, காட்மியமும் அவற்றின் பொருளல்ல. கதிர்வீச்சு பற்றிய பேச்சு தனி. உங்களுடையது வாய்க்கால் வழியாக வந்தது, பழைய பாஸ்பேட் உரங்களும் கொஞ்சம் சேர்த்திருக்கும்.

வரப்பு வாழையை வைத்துக்கொள்ளுங்கள், குலைக்குக் காட்மியம் குறைவாகவே போகும். கீரை மூலையில் மரச்சீனி (மரவள்ளி) போட வேண்டாம். அந்த மேட்டில் தண்ணீர் தேங்காது, ஆகவே சுண்ணாம்பு வேண்டியது முதலில் அங்கேதான்: பத்து செண்டுக்கு 40 கிலோ, ஆறு மாதம் கழித்து இன்னொரு 40. அதன்பிறகு பிச்சிப்பூவோ கேந்திப்பூவோ நடுங்கள், தோவாளைப் பூச்சந்தை பக்கத்தில்தான் இருக்கிறது. இப்போது நிற்கும் கீரையை வேரோடு பிடுங்கி, மாட்டுக்கும் உரக்குழிக்கும் போகாமல் தனியாக அப்புறப்படுத்துங்கள். எரிக்காதீர்கள், சாம்பல் திரும்ப அதே மண்ணில்தான் விழும்.